ஆறு மாதச் சான்றிதழை நம்பிச் சிறப்புக் கல்வி ஆசிரியராக முடியுமா?

கேள்வி இது: "என் தங்கை மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். அவளுடைய தம்பிக்கு ஆட்டிசம். அவனோடு வளர்ந்ததாலோ என்னவோ, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கே டீச்சராகப் போகிறேன் என்கிறாள். பி.எட். சேர்ப்பதா, சிறப்பு பி.எட். சேர்ப்பதா? எங்கள் ஊரில் ஒரு மையம் ஆறே மாதத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர் சான்றிதழ் தருகிறதாம். அது போதுமா? டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா? அரசு வேலை கிடைக்குமா?"

முதலில் அவசரமான விஷயம். அந்த ஆறு மாத மையத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால், ஆட்டிசம் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளும் வகுப்பு என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலைக்கு அது செல்லாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகள் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். இப்போது சிறப்பு பி.எட். படிப்பவர்களின் வகுப்பறைப் பயிற்சியை மேற்பார்வை செய்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை நேரத்தில் உங்களைப் போல நாலைந்து பேராவது இதே கேள்விகளோடு வருவார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே எங்காவது பணம் கட்டிவிட்டு வருவார்கள்.

ஒரு சொல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 'சிறப்பாசிரியர்' என்று அரசு அறிவிக்கையில் வந்தால், பெரும்பாலும் அது ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆசிரியர்களைக் குறிக்கும். உங்கள் தங்கை மகள் தேடுவது அதுவல்ல. அவளுக்கான பணி 'சிறப்புக் கல்வி ஆசிரியர்' அல்லது 'சிறப்புப் பயிற்றுநர்' என்ற பெயரில் வரும். சிறப்பாசிரியர் தேர்வு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டு, பிரெயில் படித்த பெண் ஒருத்தி தையல் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் அவள் அன்று சிரிக்கவில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். சாதாரணப் பள்ளி ஆசிரியர் படிப்பைக் கட்டுப்படுத்துவது என்.சி.டி.இ. என்ற தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில். சிறப்புக் கல்விப் படிப்பைக் கட்டுப்படுத்துவது ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். இரண்டும் தனித்தனிச் சட்டங்களால் வந்தவை. ஆர்.சி.ஐ. சட்டம் 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தது. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரோடு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரையும் அந்தச் சட்டம் ஒரே பட்டியலில் வைக்கிறது. இது பலருக்குத் தெரியாது. டாக்டர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வதுபோல, வக்கீல் பார் கவுன்சிலில் பதிவு செய்வதுபோல, சிறப்புக் கல்வி ஆசிரியரும் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும். சாதாரண பி.எட். முடித்தவருக்கு இப்படி ஒரு பதிவேடே கிடையாது.

அந்தப் பதிவேட்டின் பெயர் மத்திய மறுவாழ்வுப் பதிவேடு. எல்லாரும் சி.ஆர்.ஆர். என்பார்கள்; அதில் கிடைக்கும் எண் சி.ஆர்.ஆர். எண். சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, அங்கீகாரம் பெற்ற தகுதியும் பதிவும் இல்லாத ஒருவர் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு இன்று யார் பயப்படுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். தெருவுக்குத் தெரு தெரபி சென்டர்கள் முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அரசுப் பணி, அரசு உதவி பெறும் சிறப்புப் பள்ளி, ஓரளவு பெரிய தனியார் பள்ளி என எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பட்டம் வேறு, பதிவு வேறு என்பதை அவளுக்கு நன்றாகப் புரியவையுங்கள். பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிட்டால் எண் தானாக வந்துவிடாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் ஆர்.சி.ஐ. ஏற்ற கருத்தரங்கு, பயிலரங்குகளுக்குப் போய் மதிப்பெண் சேர்த்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சி.ஆர்.இ. புள்ளி என்பது அதுதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு பலர் இதை மறந்துவிட்டு, கடைசி நேரத்தில் எந்த ஊரில் கருத்தரங்கு நடக்கிறது என்று பஸ் ஏறி அலைவார்கள். நானும் ஒருமுறை அலைந்தவள்தான்.

அடுத்தது, நான் அதிகம் பேர் ஏமாந்து பார்த்த இடம். ஆர்.சி.ஐ. அனுமதி கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. இந்தப் படிப்பு, இந்தக் குறைபாட்டுப் பிரிவு, இத்தனை இடம், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை என்று குறிப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குப் பட்டம் இருந்தது, மதிப்பெண் பட்டியல் இருந்தது, வகுப்பில் நல்ல பெயரும் இருந்தது. எண் மட்டும் வரவில்லை. அவள் சேர்ந்த ஆண்டுக்கான அனுமதியை அந்தக் கல்லூரி புதுப்பித்திருக்கவில்லை. முந்தைய ஆண்டு அனுமதிக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்களாம், அதைப் பார்த்துவிட்டுச் சேர்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்டு போனது, பணம் போனது. கல்லூரி பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: சுவரைப் பார்க்காதீர்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அவள் சேரும் ஆண்டுக்கு, அவள் சேரும் பிரிவுக்கு, அந்தக் கல்லூரிக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். உங்கள் ஊர் ஆறு மாத மையத்தையும் இதே பட்டியலில் தேடிப்பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இதில் ஒரு நுணுக்கம். ஆர்.சி.ஐ. அங்கீகரித்த ஆறு மாதப் படிப்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, சமூக அடிப்படையிலான மறுவாழ்வுப் பணியாளர்களுக்கு. ஊருக்குள் போய்க் குறைபாடுள்ளவர்களைக் கண்டறிந்து, உதவிகளோடு இணைத்துவிடும் வேலைக்கான படிப்பு அது. நல்ல வேலை. ஆனால் அதைப் படித்தவர் ஆசிரியர் ஆகமாட்டார். சில மையங்கள் இந்த 'ஆறு மாதம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மழுப்புவதுண்டு.

அப்படியானால் எதுதான் ஆசிரியராக்கும்? இரண்டு படிப்புகள். பிளஸ் டூ முடித்தவருக்கு இரண்டாண்டு சிறப்புக் கல்வி டிப்ளமோ, அதாவது சிறப்பு டி.எட். பட்டம் முடித்தவருக்குச் சிறப்பு பி.எட். இது முன்பு ஓராண்டாக இருந்தது. 2015இல் சாதாரண பி.எட். இரண்டாண்டு ஆனபோது இதுவும் ஆனது. தொலைநிலையில் படித்தால் இரண்டரை ஆண்டு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அப்படி நடத்தி வந்திருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030க்குள் ஆசிரியர் ஆவதற்கு நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பையே அடிப்படைத் தகுதியாக்கச் சொல்கிறது. அதனால் இரண்டாண்டுப் படிப்புகளுக்கான விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்க்காமல், போன வருடம் படித்த அக்கா சொன்னாள் என்று சேர்க்காதீர்கள்.

இடங்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்குக் குறைவில்லை. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்துக்குச் சிறப்புக் கல்விக்கென்றே தனிப் புலம் உண்டு, அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை உண்டு. இவை தவிர ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகள். பெயரைக் கேட்டு மயங்காமல், எந்த இடமாக இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பிரிவு?

சிறப்பு பி.எட். என்று மொட்டையாக ஒரு படிப்பு கிடையாது. செவித்திறன் குறைபாடு, பார்வைத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு என்று பிரிவுகள். (ஆட்டிசத்துக்கு நம் அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயரைத் தேட வேண்டி வரும், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.) குழந்தை வளர்ச்சி, உளவியல், பாடம் கற்பிக்கும் முறை போன்றவை எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பிரிவும் வேறு உலகம். பதிவும் படித்த பிரிவில்தான் கிடைக்கும்.

பார்வைப் பிரிவில் சேர்ந்தால் ஆறு புள்ளிகளில் தமிழ் பிரெயில் எழுதவும் தொட்டுப் படிக்கவும் கற்க வேண்டும். டெய்லர் பலகையில் கணக்குப் போட, கைத்தடியோடு நடக்கக் கற்பிக்க, கணினியில் திரை வாசிப்பான் பயன்படுத்த எல்லாம் பழக வேண்டும். கணிதம் படித்தவர்கள் இந்தப் பிரிவுக்கு மிகவும் தேவை. பார்வையற்ற பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எட்டாம் வகுப்போடு ஒதுக்கிவிடும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. வடிவியலைத் தொட்டு உணரும் படமாக மாற்றிக் கொடுக்கத் தெரிந்த கணக்கு டீச்சரை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் தங்கை மகள் கணிதம் படித்தவள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

செவித்திறன் பிரிவு என் பிரிவு, அதனால் கொஞ்சம் பேசுவேன். நான் வந்த காலத்தில் ஆறு வயதில், ஏழு வயதில், ஒரு சொல்லும் மொழியும் இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். சைகை மொழியா, உதட்டசைவா என்று ஆசிரியர் அறையில் சண்டையே நடக்கும். இப்போது தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் குழந்தை கேட்டுவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கருவி ஒலியைத்தான் கொடுக்கும்; அந்த ஒலி 'அம்மா' என்ற சொல் என்று குழந்தைக்குப் புரிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதனால் இன்று செவித்திறன் ஆசிரியருக்கு ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) படிக்கத் தெரிய வேண்டும், கருவியின் அமைப்பு புரிய வேண்டும், வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று அம்மாவுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிய வேண்டும். அதே சமயம் கருவி கிடைக்காத, கருவி பலன் தராத பிள்ளைக்குச் சைகை மொழியிலும் கணக்கும் அறிவியலும் நடத்த வேண்டும்.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பாடப்புத்தகம் பின்னுக்குப் போய்விடும். பல் துலக்குவதை இருபது சின்னப் படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று பார்ப்பதுதான் பாடம். இதற்கு உதவும் மதிப்பீட்டுக் கருவிகளில் ஒன்று சென்னையிலேயே பிறந்தது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் உருவாக்கிய மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறையில் 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், ஆக 360. உட்காருவதில் தொடங்கிக் காசு எண்ணுவது வரை வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதிக் காட்டச் சொல்வோம். "இவன் பணத்தைப் புரிந்துகொள்வான்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். "பத்து ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் கலந்து வைத்தால், கேட்டதை ஐந்து முறையில் நான்கு முறை எடுத்துக் கொடுப்பான்" என்று எழுதினால்தான் வாங்குவேன். இந்தப் பழக்கம் வருவதற்கே பலருக்கு ஓராண்டு ஆகும். ஆறு மாதத்தில் முடியாது என்று நான் சொல்வது சட்டத்தை மட்டும் வைத்து அல்ல.

இப்போது டெட். கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி 2010 ஆகஸ்டில் என்.சி.டி.இ. வெளியிட்ட அறிவிக்கைதான் அடிப்படை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராக டெட் தேர்ச்சி வேண்டும் என்றது. 150க்கு 90, அதாவது 60 சதவீதம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநிலங்கள் தளர்வு தரலாம். இதே அறிவிக்கை சிறப்பு டி.எட்.டை ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கும், பட்டத்தோடு சிறப்பு பி.எட்.டை ஆறு முதல் எட்டு வகுப்புக்கும் தகுதியாக ஏற்றது. ஒரே நிபந்தனை, பணியில் சேர்ந்த பிறகு தொடக்கக் கல்வியில் ஆறு மாதப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். ஆக, சிறப்பு பி.எட். படித்துவிட்டால் சாதாரணப் பள்ளி வேலைக்கு வழியே அடைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவள் கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் இந்த வழியில் முயலலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் கதை வேறு, ஒவ்வொரு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிக்கையிலும் தகுதிப் பத்தியை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சாதாரணத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணி பற்றியது. 2025 செப்டம்பரில், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் டெட் தேர வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு வந்தது. இன்றைக்குப் புதிதாக வருகிறவர் டெட் எழுதாமல் தப்பிக்கலாம் என்று கணக்குப் போடுவது வீண். படிக்கும்போதே எழுதிவிடட்டும், மத்திய அரசின் சி-டெட்டையும் சேர்த்து. இரண்டிலும் தேர்ச்சி வாழ்நாள் முழுவதும் செல்லும். சி-டெட்டில் குழந்தை வளர்ச்சிப் பகுதியின் 30 கேள்விகளில் ஐந்து, உள்ளடக்கிய கல்வியும் (எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது) சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் பற்றியவை. அந்த ஐந்தும் இவளுக்கு இனாம்.

அரசு வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். தேவை மலையளவு இருக்கிறது, நிரந்தரப் பணியிடம் கையளவுதான். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. 2022 செப்டம்பரில் மத்திய அரசும் அதை அறிவிக்கையாக்கியது. அப்படியும் மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கவில்லை என்று 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மறுபடி கெடு விதிக்க வேண்டியிருந்தது. பணியிடங்களை அறிவிக்கவும், ஒப்பந்தத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அந்த ஒப்பந்தப் பணியாளர்கள் யார் என்றால், நம் வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள்தான். நாளுக்கு ஒரு பள்ளி, படுத்த படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி, நடுவில் மருத்துவ முகாம், பதிவேடு. இவள் முதலில் போய்ச் சேரும் வேலையும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். தெரிந்துகொண்டு போகட்டும்.

அரசின் சிறப்புப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருபவை, பள்ளிக் கல்வித் துறையின் கீழ் அல்ல. அறிவிப்புகளை இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியரை வைத்திருக்க வேண்டும் என்பது இணைப்பு விதி. அதனால் தனியாரில் வேலை உடனே கிடைக்கும். சம்பளமும் மரியாதையும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் வராத ஆசிரியர்களின் வகுப்புகளுக்கு அனுப்பும் பள்ளிகளும் உண்டு. நேர்காணலில் "எனக்கென்று தனி அறை, தனி நேர அட்டவணை உண்டா?" என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும்.

பி.எட்.டா, சிறப்பு பி.எட்.டா என்ற முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. சாதாரண பி.எட்.டிலும் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் இருக்கிறது. எல்லா ஆசிரியரும் படிக்க வேண்டியதுதான், ஆனால் ஒரு தாளை வைத்து ஆட்டிசப் பிள்ளைக்குப் பாடம் திட்டமிட முடியாது, பதிவு எண்ணும் வராது. இவளுடைய விருப்பம் உண்மையானால் சிறப்பு பி.எட். தான்.

அந்த 'உண்மையானால்' மட்டும் எனக்கு இன்னும் உறுதியாகவில்லை. தம்பி தங்கைக்குக் குறைபாடு இருந்து இந்தப் படிப்புக்கு வருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருப்பார்கள். அவர்களில் மிக நல்ல ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளையை நன்றாகத் தெரியும் என்பதாலேயே, வேறு மாதிரியான இரண்டாவது பிள்ளையிடம் தடுமாறி நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பகல் முழுவதும் பள்ளியில் பார்ப்பதையே மாலையில் வீட்டிலும் பார்க்க வேண்டியிருப்பது லேசல்ல.

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு வாரம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளியிலோ வட்டார வள மையத்திலோ கேட்டுவிட்டு அவளைக் காலை முதல் சாயங்காலம் வரை உட்காரச் சொல்லுங்கள். சும்மா பார்க்க வேண்டாம், டீச்சர் கொடுக்கும் வேலையைச் செய்யட்டும். சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அதில் சேர்த்தி. முடிந்தால் இரண்டு நாள் பார்வையற்றோர் பள்ளியிலும் இருக்கட்டும், அந்தக் கணக்கு விஷயம் எனக்கு மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வந்த பிறகு எந்தப் பிள்ளையைப் பற்றி அதிகம் பேசுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள். பிரிவை அப்போது முடிவு செய்யலாம்.